ஐந்நூற்றெழுபது கிராம்

குடுவையில் இருந்த தண்ணீர் நீலமாகியிருக்கவே கூடாது.

தொட்டித் தண்ணீரில் ஒரு பிப்பெட் அளவு எடுத்து, பொட்டாசியம் அயோடைடும் கொஞ்சம் அமிலமும் விட்டு, கஞ்சிக் கரைசலை இரண்டு சொட்டு ஊற்றினேன். தொட்டியில் குளோரின் முழுதும் தீர்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது, தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். ஆனால் மைப்புட்டியைக் கவிழ்த்ததுபோல் கருநீலம் பரவியது. பியூரெட் என்ற அளவுக் குழாயின் திருகைத் திறந்து, நீலத்தைப் போக்கும் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறையும்வரை அளந்தேன். வெகுநேரம் மறையவில்லை.

எனக்குப் பின்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தார். அவர் தோளில் ஈரத்துணி ஒன்று கிடந்தது. வெளிர்நீலச் சாயம் போட்ட பனியன் துணி. அதில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டுகள், தேமல் மாதிரி. அன்று காலை சாயத்திலிருந்து வந்த துணி முழுவதும் அப்படித்தான் இருந்தது. வெளுத்த துணியில் குளோரின் தங்கிவிட்டால் அது சாயத்தைத் தின்றுவிடும். அடுத்த தொட்டியிலாவது என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் என்னைச் சோதிக்கச் சொல்லியிருந்தார்.

“என்னம்மிணி, என்ன சொல்லுது?”

“குளோரின் மிச்சம் இருக்குதுங்க சார்.”

“ஏன் இருக்குது? அதைக் கொல்லறதுக்குத்தான அந்த உப்பைப் போடறோம்?”

காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் ஒரே விடை.

“நான் சீட்டுல எழுதுனது ஒரு கிலோ ஐந்நூத்தி எம்பது கிராமுங்க. அதுல ஐந்நூத்தி எழுபது கிராம் தொட்டிக்குள்ள விழுகலைங்க சார்.”

‘உப்பு போதவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். அன்று வாயில் வந்தது இதுதான்.

முதலாளி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். உப்பு நிறுக்கும் மரியாள் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் சிரித்தார்.

“மூட்டைக் கணக்கு சரியா இருக்குதா?”

“சரியாத்தானுங்க இருக்குது.”

“அப்ப மூட்டையிலிருந்து கெளம்பிருக்குது. தொட்டிக்குப் போய்ச் சேரல. நடுவுல யாரு இருக்கறா?”

என் பதில் அவருக்குத் தேவைப்படவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியதெல்லாம் மற்றவர்கள் எனக்குச் செய்தவை. படித்த சகோதரிகள் பலர் ‘பாவம் நீங்கள்’ என்று கடிதம் போட்டிருந்தீர்கள். இந்த வாரம் அப்படி எழுத உங்களுக்கு மனம் வராது.

ஒன்றுக்கு நான்கு

வேதியியல் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கஷ்டமான விஷயம் ஒன்றும் இல்லை.

பிளீச்சிங் போட்ட துணியை நாலைந்து தண்ணீர் மாற்றி அலசினாலே குளோரின் போய்விடும். அந்த அளவு தண்ணீருக்கு எங்கள் பக்கம் எங்கே போவது? பீளமேட்டைத் தாண்டி அவிநாசி சாலையில் இருந்த அந்தச் சின்ன ஆலைக்குத் தண்ணீரே லாரியில்தான் வந்தது. அதனால் அலசுவதற்குப் பதில் ஹைப்போ என்ற உப்பைத் தொட்டியில் போடுவார்கள். கண்ணாடிக் கற்கண்டு மாதிரி இருக்கும். போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் படம் கழுவ வாங்குவதும் இதே உப்புதான்.

எவ்வளவு போடுவது? இங்கேதான் மோல் விகிதம் வருகிறது. பொருள்கள் ஒன்றோடொன்று எடைக்கு எடை சேர்வதில்லை, எண்ணிக்கைக்கு எண்ணிக்கை சேர்கின்றன. மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஆகவே மிகப் பெரிய எண்ணிக்கை ஒன்றை ஒரு கட்டாக வைத்துக்கொண்டு அதற்கு மோல் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். சமன்பாட்டை எழுதிச் சரிசெய்தால், ஒரு மோல் ஹைப்போ நான்கு மோல் குளோரினைத் தீர்க்கும் என்று வரும். ஒன்றுக்கு நான்கு.

எங்கள் தொட்டியில் வெளுத்து முடித்தபின் மிஞ்சும் குளோரின் இரண்டு கிலோ எண்ணூற்று நாற்பது கிராம். ஒரு மோல் குளோரின் எழுபத்தொரு கிராம். ஆக நாற்பது மோல். அதைத் தீர்க்கப் பத்து மோல் ஹைப்போ. ஹைப்போவின் சூத்திரத்தில் உள்ள அணுக்களைக் கூட்டினால் ஒரு மோல் நூற்றைம்பத்தெட்டு கிராம். பத்து மோலுக்கு ஒரு கிலோ ஐந்நூற்றெண்பது.

இந்த வரிகளில் ஒரு பிழை இருக்கிறது. ஒன்றுக்கு நான்கு என்பதை எத்தனை முறை சரிபார்த்தேன் தெரியுமா? பிழை அங்கே இல்லை.

சரிபார்க்கிறவள்

நான் எதையும் ஒரு தடவையில் நம்புகிறவள் இல்லை. பால் புட்டியைக் கொதிக்கவைத்து எடுத்துவிட்டு மறுபடி கொதிக்கவைப்பேன். கேஸை மூடிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போய், திரும்பி வந்து பார்ப்பேன். பாப்பாவுக்கு அப்போது ஒன்பது மாதம் இருக்கும், அல்லது பத்து. தூங்கும்போது மூக்குக்கு நேரே கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். என் மாமியார் சிரிப்பார். “கொழந்தைய முழிக்க வெச்சுப்போட்டு, அழுவுது அழுவுதுன்னு நீயும் அழுவு.”

என் அப்பா சத்தியமங்கலம் பக்கம் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். ஆலை முதலாளி போன்றவர்களை அவர் ‘பண்ணாடி’ என்று கூப்பிட்டுக் கைகட்டி நிற்பார். நான் மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, கோயமுத்தூரில் பி.எஸ்சி. வேதியியல் முடித்தவள். அதனால் ‘சார்’ என்று கூப்பிட்டேன். நாற்காலி கொடுத்தார்கள். எங்கள் சொந்தத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்த்த முதல் பெண் நான்.

படித்தேன் என்றால் மனப்பாடம் செய்தேன். சமன்பாட்டுக்கு ஒரு மதிப்பெண், விகிதத்துக்கு ஒன்று, விடைக்கு ஒன்று. அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் போச்சு. செய்முறைத் தேர்வில் கரைசல்களைப் புட்டியில் ஊற்றித் தயாராகக் கொடுப்பார்கள். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட ஒரு உப்பை என் கையால் நிறுத்துக் கரைத்ததில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கடைசித் தேர்வுக்கு மறுவாரம் கல்யாணம். அடுத்த வருஷம் பாப்பா. அந்த வருஷம்தான் ஆலை ஏற்றுமதித் துணிக்கு மாறியது. துணி வாங்குகிறவர்கள் பார்வையிட வந்தபோது, “உங்க கெமிஸ்ட் யாரு?” என்று கேட்டிருக்கிறார்கள். யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பவுண்டரியில் யாரோ சொல்லி, இரண்டே நாளில் நான் கெமிஸ்ட் ஆனேன்.

வேலைக்கு அனுப்பும்போது என் வீட்டுக்காரர் ஒன்று சொன்னார். “போ. நான் வேண்டாங்கல. ஆனா உன்ற மேல ஒரு பிராது வந்துச்சுன்னா அன்னைக்கோட நின்னுக்கணும்.”

தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவே இல்லை. மறந்திருக்கலாம்.

மரியாள்

மரியாளுக்கு அப்போது முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது. மூட்டை தூக்கித் தூக்கி அகன்ற தோள். குளோரின் பட்டுப் பட்டு விரல் நுனிகள் வெளுத்திருக்கும். என்னைப் போலவே கூலிக்காரக் குடும்பம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். நான் சேர்ந்த முதல் நாள், சோதனை அறை வாசலில் நின்று என் மேசையையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நம்ம சனத்துல ஒருத்தி மேசை போட்டு உக்காந்துட்டா. இனி எனக்கென்னங்க கவலை?”

“நாற்காலி ஆடுதுங்கக்கா,” என்றேன்.

“ஆடுனா ஆடட்டும். உக்காந்திருங்க. எந்திரிச்சா வேற எவனாச்சும் உக்காந்துக்குவான்.”

என்னைவிடப் பெரியவர், ஆனாலும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். பியூரெட்டைப் பார்த்து, “இதென்னுங்க அம்மணி, குளுக்கோஸ் ஏத்தறதாட்டம் இருக்குது, சீக்காளி யாரு?” என்பார். மத்தியானம் என் டப்பாவைத் திறந்து பார்த்து, “பால் குடுக்கற பொம்பளைக்கு இது பத்துமா?” என்று அவருடைய கொள்ளுப் பருப்பை அள்ளி வைப்பார்.

அவருக்கு ஒரே தம்பி. நகரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை. தாய் தகப்பன் இல்லாததால் இவர்தான் வளர்த்து ஆளாக்கினார். தம்பி எடுத்த படம் ஒன்றைச் சேலை முடிப்பில் வைத்திருப்பார், அவருடைய மகள் வெள்ளை உடுப்பில் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை வாங்கிய படம். “பாருங்க, எந்தம்பி கழுவுனது. நெம்பத் தெளிவா வந்திருக்குது,” என்று வாரத்துக்கு ஒருமுறையாவது காட்டுவார்.

நான் சேர்ந்து இரண்டு மூன்று மாதம்வரை ஹைப்போ போடுவதற்கு அளவே கிடையாது. போசிப் பாத்திரத்தில் அள்ளிப் போடுவார்கள். சில நாள் உப்பு மிதமிஞ்சிப் போய், தொட்டியே பால் மாதிரி வெளுத்துக் கந்தக நாற்றம் அடிக்கும். அதைக் கட்டுப்படுத்தத்தான் சீட்டு முறை வந்தது. நான் கணக்குப் போட்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். மரியாள் நிறுத்துப் போடுவார்.

முதல் சீட்டை வாங்கிப் பார்த்தவர் நகரவில்லை.

“பத்துமாங்க அம்மணி?”

“போதுங்கக்கா. கணக்குப் போட்டிருக்கேன்.”

மறுநாள் மறுபடி வந்தார். “குளோரின் வாசம் போன மாதிரி தெரியலீங்களே.”

“உங்க மூக்குலயே நின்னுபோச்சுங்க. எப்பவும் அந்த வாசமே இருக்கற மாதிரித் தெரியும்.”

“அப்படிங்களா? படிச்சவங்க சொன்னாச் சரிதான்.”

குத்தலாகச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா? அன்று யோசிக்கவில்லை. இப்போது தெரிகிறது. நம்பித்தான் சொன்னார்.

மூன்றாம் நாள்தான் அந்த நீலத் துணி.

கேள்வியும் பதிலும்

முதலாளி சத்தம் போடுகிறவர் இல்லை. மரியாளைச் சோதனை அறைக்குள்ளேயே கூப்பிட்டு விசாரித்தார்.

“ஏ மரியா, உன்ற தம்பி போட்டோ ஸ்டுடியோவுல தான இருக்கறான்?”

“ஆமாங்க.”

“படம் கழுவறதுக்கு என்ன போடுவாங்க?”

“ஹைப்போங்க,” என்றார் மரியாள் உடனே. வகுப்பில் சரியான பதில் தெரிந்த பிள்ளை சொல்வதுபோல முகம் மலர்ந்து சொன்னார். அந்த முகம் மாற இரண்டு மூன்று நொடி ஆனது.

“அம்மணி கணக்குப் போட்டுச் சொல்லுது. ஒரு தொட்டிக்கு அரைக் கிலோவுக்கு மேல காணம். மூணு நாளா எத்தனை தொட்டி?”

மரியாள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

“அம்மணி, நீங்க சீட்டுல எழுதுனதைத்தானுங்க நிறுத்துப் போட்டேன். ஒரு கல்லுகூட அக்கட்டால போகலீங்க. நீங்க சொல்லுங்க.”

“சீட்டுல எழுதுனது சரியாத்தானுங்கக்கா இருக்குது,” என்றேன்.

பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது எனக்கு உண்மை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் கேட்டது சீட்டைப் பற்றியா? ‘நான் எடுப்பேனா, நீயே சொல்’ என்றல்லவா கேட்டார். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை.

அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். வாசலில் அவர் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். சோற்று டப்பா, ஜெபமாலை, அந்தப் புகைப்படம். துவைக்கிற பெண்களில் ஒருத்தி, “போட்டோப் புடிச்சே மாடி ஊடு கட்டிருப்பா, பாருங்கடி,” என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சோதனை அறையில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவியவற்றையே மறுபடி கழுவினேன்.

இருபத்துநான்கு புள்ளி எட்டு

நான் சோதனைக்குப் பயன்படுத்திய ஹைப்போ கரைசல் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வந்தது. அது தீரும் நிலைக்கு வந்தது. இனி நானே தயாரிக்க வேண்டும். ஒரு ஞாயிறு மத்தியானம், பாப்பா தூங்கும்போது, டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய ரெக்கார்ட் நோட்டை எடுத்தேன்.

‘ஒரு லிட்டருக்கு 24.8 கிராம் ஹைப்போ.’ என் கையெழுத்துதான். ஆசிரியையின் சிவப்புக் கையெழுத்தும் பக்கத்தில் இருந்தது.

லிட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு மோல் உள்ள கரைசல் அது, அப்படியானால் 15.8 அல்லவா வரவேண்டும்? நோட்டில் எழுத்துப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். வேறு பக்கங்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் 24.8. தேர்வுக்கு இந்த எண்ணைச் சொல்லிச் சொல்லிப் படித்தது ஞாபகம் வந்தது. ஏன் 24.8 என்று கேட்டது ஞாபகத்தில் இல்லை, ஏனென்றால் கேட்கவே இல்லை.

ஒரு மோலுக்கான இருநூற்று நாற்பத்தெட்டிலிருந்து நூற்றைம்பத்தெட்டைக் கழித்தேன். தொண்ணூறு. ஒரு மோல் தண்ணீர் பதினெட்டு. ஐந்து பதினெட்டு தொண்ணூறு.

ஹைப்போ படிகத்துக்குள் தண்ணீர் இருக்கிறது. தொட்டால் ஈரம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஹைப்போவோடும் ஐந்து தண்ணீர் மூலக்கூறுகள் கட்டிப்போட்டதுபோல் சேர்ந்தே இருக்கின்றன. தராசில் அவையும் நிற்கின்றன. எனவே ஒரு மோல் என்பது இருநூற்று நாற்பத்தெட்டு கிராம். சமன்பாட்டில் வெறும் உப்பை எழுதுகிறோம். மூட்டையில் வருவது தண்ணீரோடு சேர்ந்த உப்பு. நான் காகிதத்தில் இருந்த உப்புக்குக் கணக்குப் போட்டு, மூட்டையில் இருந்த உப்பை நிறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பத்து மோல் போவதாக நினைத்த தொட்டிக்கு ஆறு மோலுக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் போயிருக்கிறது. தீராமல் நின்ற குளோரினை என் பழைய எடையால் திருப்பிக் கணக்கிட்டேன். குறை ஐந்நூற்றெழுபது கிராம். மரியாள் திருடியதாகச் சொன்ன அதே அளவு. கல் பிசகாமல் வந்தது.

பாப்பா எழுந்து அழுதது. எடுக்கத் தோன்றவில்லை. மாமியார் வந்து எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சீக்கிரமே போய் மூட்டையைப் பார்த்தேன். அடியில் சூத்திரம் அச்சடித்திருந்தது. நடுவில் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் ஐந்து தண்ணீர். தினமும் அந்த மூட்டையின் மேல்தான் என் சாப்பாட்டுப் பையை வைப்பேன்.

துணி சரியானது

அன்றைக்கு நான் செய்த முதல் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சீட்டில் இரண்டு கிலோ நானூற்றெண்பது என்று எழுதினேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முதலாளி சீட்டைப் பார்க்கிற வழக்கம் இல்லை. மரியாள் இடத்துக்கு வந்திருந்த பெண் நிறுத்துப் போட்டாள். துணி அப்பழுக்கில்லாமல் வந்தது.

முதலாளி துணியை வெயிலில் விரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“பாத்தியாம்மிணி? அவ போனதும் துணி சரியாயிருச்சு.”

என் திருத்தமே மரியாளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை. பிராது வந்தால் வேலை போகும் என்ற பயமா? படித்தவள் என்ற பேர் போகும் என்ற பயமா? வீட்டுக்காரர் ‘நான் சொல்லல?’ என்பாரே என்பதா? எது பெரிது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஒன்பது நாள் அப்படியே போனது. பத்தாம் நாள் போய்ச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். தண்ணீர், மோல், நூற்றைம்பத்தெட்டு, இருநூற்று நாற்பத்தெட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலாளி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“இப்பச் சரியாப் போடறியல்ல?”

“போடறனுங்க சார்.”

“அப்பப் போ. வேலையைப் பாரு.”

“மரியாக்காவை…”

“துணி வாங்கறவங்களுக்கு நான் எழுதிப்போட்டேம்மிணி. ஆளு திருடுச்சு, நிறுத்திப்போட்டம்னு. அவங்களும் செரின்னுட்டாங்க. இப்பப் போயி, இல்லீங்க, எங்க கெமிஸ்ட்டுக்குக் கணக்குத் தெரியாதுன்னு எழுதட்டுமா? திருட்டுன்னா அவளோட போச்சு. கணக்குத் தப்புன்னா கம்பெனிக்கே ஆவாது.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “உனக்கும் ஆவாது.”

“சரிங்க சார்,” என்றேன்.

அதன்பிறகும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன். நல்ல கெமிஸ்ட் என்று பேர் எடுத்தேன்.

சீர்

மரியாளின் வீடு எனக்குத் தெரியும். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மறுபக்கம் பார்த்துக்கொள்வேன். செய்திகள் மட்டும் வந்து சேர்ந்தன. முதலாளி ஸ்டுடியோவுக்கு போன் போட்டிருக்கிறார். திருட்டு உப்பு வாங்கினார்கள் என்ற பேச்சு வேண்டாம் என்று அவர்கள் தம்பியை நிறுத்திவிட்டார்கள். அவன் கொடுமுடியில் வேறொரு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டான். தன்னிடம் ஒரு கல் உப்பு வரவில்லை என்று அவனுக்குத் தெரியும். அப்படியானால் அக்கா வேறெங்கோ விற்றுவிட்டுத் தன் தலையில் கட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

மரியாளின் மகள் பெரிய மனுஷி ஆனபோது தாய்மாமன் சீர் கொண்டுவரவில்லை. இருக்கிற ஒரே மாமன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மாமன் முறைக்கு மாலை போடவைத்தார்களாம். அதைக் கேட்டும் போய்ச் சொல்லவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல், மாமியாருக்கு முட்டி வலி, மழை. காரணம் இல்லாத வாரமே இல்லை.

இப்போது பாப்பா ஒன்றாம் வகுப்பு. இந்தத் தொடர் எழுதத் தொடங்கியபோதே இந்த அத்தியாயம் ஒருநாள் வரும் என்று எனக்குத் தெரியும். எழுதி முடித்ததும் என் வீட்டுக்காரர் படித்தார். “பேரெல்லாம் மாத்திருக்கறயல்ல? அப்பச் சரி,” என்றார்.

அச்சுக்கு அனுப்புமுன் மரியாளிடம் படித்துக் காட்டாமல் இருப்பது இன்னொரு திருட்டு என்று தோன்றியது. போன வாரம், பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு, நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

இப்போது ஒரு பஞ்சாலையில் கழிவுப் பஞ்சு பொறுக்குகிறார். தலையிலும் புருவத்திலும் முந்தின ஷிப்டின் பஞ்சு ஒட்டியிருந்தது. வாங்க என்று சொன்னார், தண்ணீர் கொடுத்தார், எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து சீர் வரைக்கும் படித்தேன். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

முடித்துத் தாள்களை அடுக்கினேன்.

“தண்ணியாங்க?” என்றார். “அந்த உப்புக்குள்ள இருந்த தண்ணியாங்க?”

“ஆமாங்கக்கா.”

“தண்ணிக்கு லாரி வந்த ஊர்லீங்க.” சிரிப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது. “உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“அடுத்த வாரமே தெரிஞ்சுதுங்க.”

“அடுத்த வாரமே.” அந்தச் சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னார். பிறகு என் கையிலிருந்த தாள்களைக் காட்டினார். “அதுல வர்ற மரியாளு யாருங்க?”

“நீங்கதானுங்க. பேரை மாத்தி…”

“எதுக்கு?”

“உங்களுக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னுங்க.”

“எனக்கு வரவேண்டிய சங்கடமெல்லாம் என்ற சொந்தப் பேருலயே வந்துருச்சுங்க அம்மணி. திருடின்னு சொல்றப்ப யாரும் பேரை மாத்தலீங்களே. கொடுமுடியில எந்தம்பி இந்தப் புஸ்தகத்தைப் பொரட்டுனான்னா, எவளோ ஒரு மரியாளுக்காகப் பாவப்பட்டுட்டு அடுத்த பக்கம் போயிருவானுங்க.”

அவர் எழுந்து, பஞ்சைத் தட்டி, முந்தானையைச் செருகிக்கொண்டார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து யோசித்தேன். பெயரைப் போட்டால் ஆலை எது என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரருக்குப் பிரச்சினை வரலாம். ஒரு மனம், இன்னும் ஒரு வாரம் பொறுத்து அனுப்பு என்றது. அந்த மனதை எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது நாள் பொறுத்ததும் ஐந்து வருஷம் பொறுத்ததும் அதே மனம்தான்.

என் வீட்டுக்காரருக்குப் பவுண்டரி ஷிப்டு முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அவர் வருவதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். இந்தக் கடைசிப் பகுதியை அவர் அச்சில்தான் படிப்பார்.

மரியாளின் பெயர் சகாயமேரி. ஹைப்போ நிறுக்கும் வேலை பார்த்தார். தம்பி ஆரோக்கியராஜ் கொடுமுடியில் ஸ்டுடியோவில் இருக்கிறார். சகாயமேரி ஒரு கிராம்கூட எடுக்கவில்லை. குறைத்து எழுதிக் கொடுத்தவள் நான்.